பக்கெட் சுருங்குது, விலை ஏறுது: மலையகத்தில் புதிதாகக் குடும்பச் சாமான் வாங்குகிறவர்களுக்கு

எங்கள் அக்கா தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒரு குசினி, மூன்று பிள்ளைகள். சம்பள வாரத்தில் மட்டும் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வரும். பிரித்தால் பன்னிரண்டு இருக்கும், ஆளுக்கு நாலு. ஒரு மாதம் கடைக்குட்டியின் கையில் மூன்றுதான் விழுந்தது. "நீதான்டா எடுத்திருப்ப" என்று மூத்தவனை அக்கா பிடித்துக்கொண்டார். அவன் இல்லை என்று சத்தியம் பண்ணினான். அடியும் வாங்கினான். அடுத்த சம்பளத்தில் வாங்கிய பக்கெட்டைக் கடை வாசலிலேயே பிரித்து எண்ணினார்கள். பதினொன்று.

மூத்தவன் பழைய உறை ஒன்றைப் பாடக் கொப்பிக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தான். நான் போயிருந்தபோது இரண்டு உறையையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று விரித்துப் பார்த்தோம். அதே நிறம், அதே படம், அதே நீளம். கீழ் மூலையில் பழையதில் 85 கிராம், புதியதில் 78 கிராம். விலையோ பத்து ரூபா கூடியிருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. மூத்தவனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் ஆறு வருடம் ராக்கை அடுக்கும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்படிச் சுருங்கிய பக்கெட்டுகளை என் கையாலேயே அடுக்கியிருக்கிறேன். அதனால் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கல்யாணம் முடித்துப் புதிதாக அடுப்பு மூட்டியவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் தோட்டப் பாடசாலைகளுக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், கொழும்பு வேலையை விட்டு வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்ற பிள்ளைகள், இவர்களை நினைத்து எழுதுகிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மேல் இருந்த பிடியைத் தளர்த்தியதும், 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பால்மா, பருப்பு, கோதுமை, உறை செய்கிற பிளாஸ்டிக் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வருகிறவை. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. பெறுமதி சேர் வரி அதே வருடம் 8இல் இருந்து 12, பிறகு 15 என்று ஏறி, 2024 ஜனவரி 1இல் 18 சதவீதமானது. விலையை ஒரேயடியாக ஏற்றினால் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பனிகளுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விலையில் ஏற்றி, மிச்சத்தை நிறையில் குறைத்தார்கள். பின்னர் பணவீக்கம் இறங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். அதன் அர்த்தம் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்பதுதான். சுருங்கிய பக்கெட் சுருங்கியபடியே ராக்கையில் இருக்கிறது.

நம் பக்கத்துச் சம்பளத்தையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021இல் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்கிற தோட்டத்தில், அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ கொழுந்துக்கு 75 ரூபா. இந்த 75ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

முதலில் நிறையைத் தேடுங்கள்

பக்கெட்டைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்ப்பதுதான் நம் பழக்கம். அதற்கு முன்னால் "நிகர நிறை" அல்லது "தேறிய நிறை" என்று எழுதிய இடத்தைத் தேடுங்கள். தமிழில் இல்லாவிட்டால் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஜி' எழுத்து இருக்கும், நீர்ப்பொருளுக்கு 'எம்எல்'. பெரும்பாலும் முன்பக்கத்தின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியவை பக்கெட் நிரப்பிய பிறகு கறுப்பு மையில் குத்துகிறவை. அவற்றை எந்த நாளும் மாற்றலாம். நிறை அப்படியில்லை, அது உறையின் படத்தோடு சேர்த்து அச்சடிப்பது. நிறையை மாற்ற வேண்டுமானால் உறையையே புதிதாக அடிக்க வேண்டும். ஆகவே "புதிய தோற்றம்", "புதிய பொதி" என்று உறையில் பார்த்தால், அல்லது வழக்கமான நிறம் கொஞ்சம் மாறியிருந்தால், அன்றைக்குக் கட்டாயம் நிறையைப் பாருங்கள். எல்லாத் தடவையும் குறைந்திருக்காது. குறைந்த தடவைகளில் பல, புது உறையோடுதான் வந்தன என்பது ராக்கை அடுக்கிய என் அனுபவம்.

இன்னொன்று. புதிய சரக்கு வந்தால் அதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்துவிடுவது எங்கள் வேலை. அதனால் ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் பழைய பெரிய பக்கெட்டும் புதிய சின்னப் பக்கெட்டும் ஒரே ராக்கையில் இருக்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவை மாதிரிச் சின்ன டவுன் கடைகளில் சரக்கு மெதுவாகத்தான் ஓடும், பழையது இன்னும் அதிக நாள் கிடக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்து இலக்கத்தை ஒப்பிடுங்கள். காலாவதித் திகதி சரியாக இருந்தால் பழையதை எடுங்கள். அதில் குத்தியிருக்கும் பழைய விலைக்குத்தான் அதை விற்க வேண்டும்.

நூறு கிராம் கணக்கு

விலையை நிறையால் பிரித்து நூறால் பெருக்குங்கள். போனில் உள்ள கல்குலேட்டர் போதும். 1,000 ரூபாவுக்கு 400 கிராம் என்றால் நூறு கிராம் 250 ரூபா. அதே பக்கெட் 360 கிராமாகி 1,080 ரூபாவானால் நூறு கிராம் 300 ரூபா. கடையில் கேட்டால் "எண்பது ரூபாதான் கூடியிருக்கு" என்பார்கள். எண்பது ரூபா என்பது 8 சதவீதம். உண்மையில் ஏறியது 20 சதவீதம். குறைந்துபோன அந்த 40 கிராமின் பழைய பெறுமதி 100 ரூபா. நம் கணக்கில் அது ஒரு கிலோ கொழுந்துக்கு மேல்.

நிறை மட்டும் குறைந்தாலும் கணக்கு ஏமாற்றும். 100 கிராம் சவுக்காரம் அதே விலைக்கு 80 கிராமானால் இருபது சதவீதம் குறைந்தது என்றுதான் சொல்வோம். விலையாகப் பார்த்தால் 25 சதவீதம் ஏறியிருக்கிறது; பழைய நான்கு கட்டிக்கு இப்போது ஐந்து கட்டி வாங்க வேண்டும்.

நிறுவையைப் பற்றி மலையகத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தால், தராசு முள்ளையும் எழுதுகிறவரின் கையையும் மாறி மாறிப் பார்ப்பவர்கள் அவர்கள். அரைக் கிலோ குறைந்தாலும் நின்று கேட்பார்கள். அந்தக் கண் கடையில் ஏனோ வேலை செய்வதில்லை. பக்கெட்டில் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கும், போன மாதம் எழுதியிருந்ததுதான் இந்த மாதமும் எழுதியிருக்கும் என்று நம்பிவிடுகிறோம். எனக்கு மனசு கனக்கிற இடம் இதுதான். வெயிலிலும் அட்டைக்கடியிலும் சேர்த்த கிலோக்கள் ராக்கையில் கிராம் கிராமாகப் போகின்றன.

மலையில் மட்டும் உள்ள மயக்கங்கள்

கீழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புப் பக்கம் காற்றோடு சேர்த்து ஒட்டிய பக்கெட் மலையேறி வரும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். உருளைக்கிழங்குப் பொரியல், மிக்ஸ்சர், முறுக்கு, சிலவேளை பிஸ்கட், பால்மாப் பக்கெட்கூட. கையில் எடுத்தால் நிறைய இருப்பது போலத் தெரியும். அமுக்கிப் பார்த்து, உயரத்தைப் பார்த்து எடை சொல்கிற பழக்கம் இங்கே உதவாது. ஹட்டனிலும் இதுவே, கொஞ்சம் குறைவாக. உள்ளே எவ்வளவு என்பதை இலக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். 24 பாகைக்குக் கீழே போனால் அது உறையும். நுவரெலியாவில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. உறைந்த எண்ணெயைக் கடையில் அகப்பையால் தோண்டி அள்ளித் தரும்போது எவ்வளவு என்று கண்ணால் பிடிபடாது. நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அதோடு, எண்ணெய் மூன்று விதமாக விற்கப்படுகிறது: போத்தல் கணக்கு, லீற்றர் கணக்கு, கிலோ கணக்கு. ஒரு போத்தல் என்பது 750 மில்லி லீற்றர். ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். போத்தல் 600 ரூபா, லீற்றர் 820, கிலோ 850 என்று மூன்று கடையில் மூன்று விலை சொன்னால் எது மலிவு? போத்தல் விலையை லீற்றருக்கு மாற்றினால் 800. கிலோ விலையை 0.92ஆல் பெருக்கினால் லீற்றருக்கு 782. பார்க்கப் பெரிதாக இருக்கும் கிலோ விலைதான் மலிவு.

லீற்றரையும் கிலோவையும் மாற்றி எழுதுவதில் எவ்வளவு பெரிய ஏமாற்றம் வரலாம் என்பதை 2021இல் நாடே பார்த்தது. வழக்கமான 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காத நேரத்தில், அதே தோற்றத்தில் "18 லீற்றர்" என்று எழுதிய சிலிண்டர் சந்தைக்கு வந்தது. 18 பெரிய இலக்கம்தானே! உள்ளே இருந்தது 9 கிலோ சொச்சம். சத்தம் எழும்பிய பிறகுதான் பழைய சிலிண்டரைத் திரும்ப விடும்படி உத்தரவு போனது. எந்த நீர்ப்பொருளையும் இரண்டு அலகில் ஒப்பிடாதீர்கள், ஒன்றுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது ஈரம். மிஸ்ட் இறங்குகிற லயத்துக் குசினியில் சீனி கட்டிபிடிக்கும், மா பூசணம் பிடிக்கும், மிளகாய்த்தூள் ஒட்டிக்கொள்ளும். பெரிய பக்கெட் எப்போதும் மலிவு என்று கணக்குச் சொன்னாலும், கடைசி இருநூறு கிராமைக் கொட்டினால் அது மலிவில்லை. மூடி இறுக்கமான டின்னோ வாளியோ இருந்தால் மட்டும் பெரியதை வாங்குங்கள். மழைக்காலத்தில் மாவைப் பதினைந்து நாளைக்கு மேல் வைக்கிற அளவுக்கு நான் வாங்குவதில்லை. அரிசி, பருப்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது.

டின்மீனைப் பற்றி ஒரு வரி. 425 கிராம், 155 கிராம் என்று எழுதியிருப்பது தண்ணீரும் சேர்ந்த நிறை. "வடித்த நிறை" என்று இன்னொரு இலக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டு டின்னை ஒப்பிட்டால் அதை வைத்து ஒப்பிடுங்கள்.

சின்னப் பக்கெட்

ஷம்பூ, பால்மா, நெஸ்கஃபே, சோயா, மசாலா எல்லாம் சின்னப் பக்கெட்டில் தொங்குகின்றன. கையில் இருக்கிற நூறு ரூபாவுக்கு வாங்க முடிவது அதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நூறு கிராம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அதிக விலை கொடுப்பது சின்னப் பக்கெட்டுக்குத்தான். நிறை குறைப்பு முதலில் இங்கேதான் நடக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். இருபது, ஐம்பது, நூறு ரூபா என்று முழுத்தாளுக்கு விற்கிற பக்கெட்டுக்கு விலையை மூன்று ரூபா ஏற்ற முடியாது. அதனால் உள்ளே இருப்பதைக் குறைப்பார்கள். விலை மாறாமல் ரொம்ப நாளாக இருக்கிற சின்னப் பக்கெட்டைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

சில சாமான்களில் பெரியது மலிவாக இருக்காது, அதுவும் உண்மை. "குடும்பப் பொதி" என்று எழுதியதை நம்பி எடுத்து, வீட்டில் கணக்குப் பார்த்தால் சாதாரணப் பக்கெட் இரண்டு வாங்கியிருந்தால் குறைவாக முடிந்திருக்கும். எழுத்தை நம்பாமல் கணக்குப் போடுங்கள்.

கையில் காசு இல்லாதபோது பெரியதை எப்படி வாங்குவது? எங்கள் லயத்தில் நாலு வீட்டார் செய்வதைச் சொல்கிறேன். பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் ஆளுக்கு ஒரு தொகை போடுகிறார்கள். ஒருவர் டவுனுக்குப் போய் பருப்பு ஐந்து கிலோ, சீனி பத்துக் கிலோ, அரிசி ஒரு மூட்டை, சவுக்காரம் ஒரு பெட்டி என்று மொத்தக் கடையில் எடுத்து வருகிறார். பஸ் காசும் நாலாகப் பிரிகிறது. வீட்டில் ஒரு சமையல் தராசை வைத்து, நாலு பேரும் நிற்கும்போதே பிரிக்கிறார்கள். தராசு சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: வெறும் போத்தலை நிறுத்து எழுதிக்கொண்டு, அதில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றித் திரும்ப நிறுங்கள். வித்தியாசம் ஒரு கிலோவாக இருக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் சுண்டால், அதாவது அரிசி அளக்கிற டின்னால், அளக்கலாம். ஆனால் ஒரே சுண்டால், ஒரே ஆள் அளக்க வேண்டும். தலைதட்டி அளக்கிற கையும் குவித்து அளக்கிற கையும் ஒன்றில்லை, சண்டை வரும்.

எந்தக் கடைக்கு

தோட்டத்துக் கடையில் கடனுக்குத் தருவார்கள். அந்த உதவி பெரியது. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் பிள்ளைக்குப் பால்மா கிடைப்பது அதனால்தான். அந்தக் கடையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். கடன் கொப்பியில் "பருப்பு 95" என்று எழுதினால், "எத்தனை கிராம் முதலாளி, அதையும் போடுங்க" என்று கேளுங்கள். "எப்பவும் தர்றதுதான் புள்ள" என்பார். "எனக்குக் கணக்குக்கு வேணும் முதலாளி" என்று மரியாதையாகச் சொன்னால் எழுதுவார். 250 கிராமா 200 கிராமா என்று மாதக் கடைசியில் சண்டை பிடிக்கத் தேவையிருக்காது.

டவுனில் இருக்கும் ஃபுட் சிற்றி, சதொச மாதிரிக் கடைகளில் விலை எழுதியிருக்கும், பில் தருவார்கள். அது வசதி. கண் மட்டத்தில் இருக்கிற தட்டில், கம்பனிகள் அதிகம் விற்க நினைப்பவற்றைத்தான் வைப்போம். மலிவானது முழங்கால் மட்டத்திலோ தலைக்கு மேலேயோ இருக்கும். குனிந்து பாருங்கள். தட்டில் ஒட்டிய விலையும் பில்லில் வரும் விலையும் சிலவேளை வேறுபடும். விலை மாறிய இரவில் தட்டில் இருந்த துண்டை மாற்ற ஆள் இல்லாமல் நாங்களே விட்டுப்போன நாட்கள் உண்டு. பில்லை வாசலைத் தாண்டும் முன் படித்தால் கேட்டு வாங்கலாம். "இரண்டு எடுத்தால் இவ்வளவு" என்ற கழிவு, காலாவதி நெருங்கிய சாமானாக இருக்கலாம். கைபிடி உள்ள பொலித்தீன் பைக்கு 2025 நவம்பர் 1 முதல் தனியாகக் காசு எடுக்கிறார்கள். வீட்டில் இருந்து பை கொண்டுபோங்கள்.

மரக்கறிக்கு நான் சந்தைக்குத்தான் போவேன். அங்கேயும் பலகையைக் கவனியுங்கள். பெரிதாக 120 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 250 கிராம் என்று போட்டிருப்பார்கள். கிலோ 480 ரூபா என்று வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அது விலை கூடின போஞ்சி என்று உறைக்கும்.

எது குற்றம், எது இல்லை

எழுதிய நிறை உள்ளே சரியாக இருந்தால், பக்கெட்டைச் சின்னதாக்கியதற்காக மட்டும் கம்பனி மேல் முறைப்பாடு நிற்காது. பிரான்சில் 2024 ஜூலையில் இருந்து, நிறையைக் குறைத்து அலகு விலை கூடிய சாமானுக்குப் பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு ராக்கையில் அறிவித்தல் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி ஒன்று இங்கேயும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். தமிழிலும் எழுதப்பட்டதாக.

குற்றமாகிறவை வேறு. எழுதியதைவிட உள்ளே குறைவாக இருப்பது. பக்கெட்டில் குத்திய உச்ச விலைக்கு மேல் விற்பது. பழைய விலையை அழித்தோ மேலே ஸ்டிக்கர் ஒட்டியோ மாற்றுவது. விலையைக் காட்சிப்படுத்தாமல் இருப்பது. இருக்கிற சாமானை இல்லை என்று மறைப்பது. இவை எல்லாம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்குள் வருகின்றன. கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால், 2021இல் வந்த திருத்தத்தின்படி தனி ஆளுக்கு ஒரு இலட்சத்தில் இருந்து ஐந்து இலட்சம் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சத்தில் இருந்து ஐம்பது இலட்சம் வரை தண்டம். 2024 டிசம்பரில் அரிசிக்கு இப்படி விலை வைத்தார்கள்: பச்சையரிசி கிலோ 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. இந்த மாதிரி விலைகள் வர்த்தமானியில் மாறும். வாங்கப் போகும்போது அப்போதைக்கு எது நடப்பில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாணுக்குத் தனி விதி இருக்கிறது. முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம். 2024 தொடக்கத்தில் இதை அழுத்தமாக அறிவித்தார்கள். காலையில் லயத்துக்கு வருகிற பாண் வண்டியில் வாங்குவதை ஒருநாள் தராசில் வையுங்கள். சூடாக வாங்கியதும் மாலையில் காய்ந்ததும் கொஞ்சம் வித்தியாசப்படும். அதனால் வாங்கிய உடனேயே நிறுக்க வேண்டும்.

முறைப்பாட்டுக்கு அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: பில், பக்கெட் அல்லது அதன் உறை, தொகுதி இலக்கம், கடையின் பெயரும் இடமும், வாங்கிய திகதி. உறை கிழிந்திருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். சாமான் பழுது, எழுதியபடி இல்லை என்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடையின் தராசிலேயே சந்தேகம் என்றால் அது வேறு திணைக்களத்தின் வேலை: அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர்கள்தான். தராசில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். கடைக்காரரோடு தெருவில் சண்டை பிடிப்பதைவிட இது பலன் தரும். நாளைக்கும் அவர் கடைக்குத்தான் உப்பு வாங்கப் போக வேண்டும் என்பதும் இருக்கிறது.

ஒரு கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். சம்பளத்துக்கு அடுத்த நாள், சாமானைப் பிரித்து டின்னில் கொட்டும் முன், ஒரு சாமானுக்கு ஒரு வரி: பெயர், கிராம், விலை, நூறு கிராம் விலை, எந்தக் கடை. எல்லாச் சாமானையும் எழுதப் போனால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள். பால்மா, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய், டின்மீன், சோயா, மிளகாய்த்தூள், குளிக்கிற சவுக்காரம், துவைக்கிற தூள், பிஸ்கட். பதினொன்று போதும். அரிசியை எழுதத் தேவையில்லை, அதன் விலை எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது மாதம் முதல் வித்தியாசம் தெரியத் தொடங்கும். கிராம் மாறிய வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள். அந்தச் சாமானுக்கு மாற்று இருக்கிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள். சிலவற்றுக்கு இருக்கும்: மிளகாயை வாங்கி மில்லில் அரைக்கலாம், சோயாவுக்குப் பதில் கடலை அவிக்கலாம். பால்மாவுக்குப் பக்கத்தில் மாட்டுப்பால் கிடைத்தால் அதையும் கணக்குப் போடுங்கள். பால்மாவை மாற்றும்போது மட்டும் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தாவரக் கொழுப்புக் கலந்தது விலை குறைவாக இருக்கும், அது முழு ஆடைப் பால்மா இல்லை. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் உறைகளை ஒட்டுங்கள். நிறை எழுதிய மூலையை மட்டும் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டால் இடம் மிச்சம். கடையில் "எப்பவும் இவ்வளவுதான்" என்று சொன்னால் காட்டலாம், 1977க்கு அழைத்தாலும் கையில் இருக்கும். அக்காவின் கொப்பியை இப்போது மூத்தவன்தான் எழுதுகிறான். முதல் பக்கத்தில் இருப்பது அந்த 85 கிராம் உறை. அதை வெட்டாமல் முழுதாகவே ஒட்டியிருக்கிறான்.